மாத்திப் போட்டவனிடம் மட்டும் கேட்கிற கேள்வி

2009 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மூக்கண்டப்பள்ளியில் நம் சந்தில் உன் முகம் இரண்டு இடத்தில் தொங்குகிறது.

கதவைத் திறந்ததும் புது ஃப்ளெக்ஸின் வாடைதான் முதலில் வந்தது. சந்து முனையில் பழைய கட்சிக்காரர்கள் கட்டியது ஒன்று. தண்ணீர்க் குழாய்க்கு மேலே புதுக் கட்சிக்காரர்கள் கட்டியது ஒன்று. தேர்தல் நேரம் என்பதால் கட்சி பேனர் கட்டவிடாமல் அதிகாரிகள் கெடுபிடி செய்கிறார்கள். செத்தவனுக்கு அஞ்சலி செலுத்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அதனால் சின்னம் இல்லை, கட்சிப் பெயர் இல்லை. சுற்றிவர ஓரத்தில் மட்டும் அவரவர் வேட்டிக் கரையின் நிறம். நடுவில் நீ. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

இரண்டிலும் ஒரே போட்டோ. காண்ட்ராக்டர் உன் அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் நீ போட்டிருந்தது நம் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுக்கும் சாம்பல் சட்டை. டிசைன் கடைக்காரன் அதை முனையில் ஒரு கலராக்கிவிட்டான், குழாயடியில் வேறொரு கலர். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். "உசுரோட இருந்தப்ப ரெண்டாவது சட்டை கேட்டேன், தர மாட்டேன்னானுவ. இப்பப் பாருல" என்று சொல்லியிருப்பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று உன் அய்யா வருகிறார்.

கோவில்பட்டியிலிருந்து புறப்பட்டு சேலத்தில் பஸ் மாறி வருகிறார். பதினோரு மணிக்கு ஓசூரில் இறங்குவார். அவரை அழைத்தது பழைய கட்சியின் கிளைச் செயலாளர் முனிராஜ் அண்ணன். நேற்று மாலை அய்யா எனக்குப் போன் செய்தார். எப்போதும் போல ஊர் மழை, வெயில் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "தம்பி, அவன் கட்சி மாறிப் போட்டானே, அதுக்குப் பெறவு என்னைக்காவது வருத்தப்பட்டானாய்யா?" நேரில் வாங்க, சொல்றேன் என்றேன். எதையும் இழுக்காமல் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள் நான். நேற்று மட்டும் தள்ளிப்போட்டேன்.

உன்னை முதலில் பார்த்த டிசம்பரை நினைத்துக்கொள்கிறேன். நான் பாரூரிலிருந்து டிப்ளமோவும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்து இறங்கியிருந்தேன். இந்த ரூமில் நீ குல்லாய் போட்டு, அதற்கு மேல் துண்டு கட்டி, போர்வைக்குள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். "இது ஊரால, ஐஸ் பெட்டியால?" என்பதுதான் நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம். கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்தவனுக்கு ஓசூர்க் குளிர் கடைசிவரை ஒத்துவரவே இல்லை. நான் மெயின்டனன்ஸில் டெக்னீஷியன், நீ பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட். எனக்கு நீலச் சட்டை, உனக்குச் சாம்பல். அந்த வித்தியாசத்தை ரூமுக்குள் நீ ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. என்னை "என்ஜினியரு" என்பாய். டிப்ளமோதான்டா என்று எத்தனை முறை திருத்தினாலும் கேட்க மாட்டாய். எல்லாக் குழம்பிலும் புளியை ஊற்றுவாய். களி தின்று வளர்ந்த எனக்கு நாக்கு கூசும். டீக்கடையில் கன்னடம், தெலுங்கு இரண்டிலும் கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாகப் பேசுவாய். "மொழி படிக்கணும்னா அடில இருந்து படிக்கணும்ல" என்பாய்.

தேர்தல் வந்தால் மட்டும் நீ வேறு ஆள். தெற்கத்தி ஆட்கள் எல்லோரையும் போல ஓட்டுப் போட ஊருக்குப் போவாய். ஓசூர் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. 2004-ல் விடிய விடிய நின்றுகொண்டே போய், ஓட்டுப் போட்டு, மறுபடி நின்றுகொண்டே வந்து, நேராக ஷிப்டுக்குள் நுழைந்தாய். விரலில் மை, கண் சிவப்பு, முகத்தில் கல்யாணம் முடித்து வந்தவனின் களை.

"ஒரு ஓட்டுக்கு ரெண்டு ராத்திரி பஸ்ஸா? கணக்கே உதைக்குதே" என்றேன்.

"எங்கய்யா பள்ளிக்கூடத்து வாசல்ல நிப்பாருல. நான் போட்டுட்டு வெளிய வர்ற வரைக்கும் டீ குடிக்க மாட்டாரு. ஒனக்கு மிசினு மட்டுந்தான் தெரியும்."

தீப்பெட்டி ஆபீஸ் என்று நீங்கள் சொல்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர். அவருக்குக் கட்சி என்பது சங்கம், சங்கம் என்பது சோறு. நீ நடக்கப் பழகியதே ஊர்வலத்தில்தான் என்று சொல்வாய். இங்கே வந்தும் அதே கட்சி, அதே கொடி. கம்பெனி வாசலில் சங்கத்தின் கேட் மீட்டிங் நடந்தால் மைக் செட் தூக்குவது நீ, கயிறு கட்டுவது நீ. மீட்டிங் தொடங்கியதும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாகப் போய் நிற்பதும் நீதான். சாம்பல் சட்டைகள் அங்கேதான் நிற்க வேண்டும். சங்கத்தில் உறுப்பினர் ஆக நிரந்தரத் தொழிலாளியாக இருக்க வேண்டும் அல்லவா.

அடுத்த வருடம் போனஸ் ஒப்பந்தம் முடிந்த அன்று கேட்டில் வெடி வெடித்தார்கள். லட்டுப் பெட்டி கை மாறி வந்தது. கொடியை நட்டுவிட்டு நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். கையை நீட்டினாய். பெட்டியைப் பிடித்திருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. சங்கடத்தோடுதான் சொன்னார்: "தம்பி, எண்ணி வாங்கினது. பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும்."

நீ கையை மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். என் லட்டை உடைத்துப் பாதி கொடுத்தேன். வாங்கவில்லை. ரூமுக்கு நடந்து வரும்போது சிப்காட் ரோட்டில் சொன்னாய்: "கொடி தூக்கும்போது யாரும் என் சட்டையப் பாக்கலல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ கூச்சல் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனாய். நம் ஓட்டெல்லாம் மதுரையிலும் நெல்லையிலும் கிடக்கிற வரைக்கும் இந்தச் சந்துக்குள் எவன் வருவான் என்று கேட்டாய். ஒவ்வொருவர் பெயரையும் இங்கே வாக்காளர் பட்டியலுக்கு மாற்ற வைத்தாய். அது தெரிந்ததும் எல்லாக் கட்சியும் சந்துக்குள் வந்தது. புதுக் கட்சிக்காரர்கள் முதலில் வந்தார்கள். தரையில் உட்கார்ந்தார்கள், காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரம் ஆக்கப் பேசுவோம் என்றார்கள், குழாய் போடுவோம் என்றார்கள். நீ சரி என்றாய். சந்தே சரி என்றது. நானும்தான். எங்கள் ஊரில் கட்சி மாற்றுவது என்பது குலதெய்வத்தை மாற்றுகிற மாதிரி. என் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நீ சொன்னாய். 2006 தேர்தலுக்கு முந்தின வாரம், டீக்கடைக்குப் பக்கத்து ஒரு ரூபாய் போனில்.

"பஸ்ஸு கெடைக்கலையாடா?" என்று அய்யா கேட்டது வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"பேர இங்க மாத்திட்டேன்ய்யா."

"சரி. எங்க இருந்தா என்ன, நம்ம சின்னம் அங்கயும் இருக்கும்லா."

நீ ஆமாம் போட்டுவிட்டு வைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? "இல்லய்யா, இந்தத் தடவ அவங்களுக்கு இல்ல" என்றாய். எதிர்ப்பக்கம் ரிசீவர் வைக்கிற சத்தம். நீ இன்னொரு காசு போட்டாய். எடுக்கவில்லை. இன்னொன்று போட்டாய். என்னிடம் சில்லறை கேட்டாய். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு தீபாவளிக்குப் போனபோதும் அவர் உன்னோடு பேசவில்லை. சோறு வைத்தார், எண்ணெய் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

நம் பூத்தில் புதுக் கட்சி முன்னால் வந்தது. எட்டு மாதத்தில் குழாய் வந்தது. நிரந்தரம் வரவில்லை. காண்ட்ராக்டர்தான் மாறினார். புது ஆள் வைத்தியச் செலவுக்கான ஈ.எஸ்.ஐ. அட்டையை இதோ அதோ என்று இழுத்தடித்த நேரத்தில்தான் உன் கண் மஞ்சளானது. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனாய். நான் கத்தி, பைக்கில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

இப்போது சந்தில் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். போன வாரம் குழாயடியில் பக்கத்து வீட்டு பாக்கியக்கா சொன்னாள், "அவன் பேச்சக் கேட்டு மாத்திப் போட்டோம், என்னத்தக் கண்டோம்?"

"இந்தக் குழாயக் கண்டீங்கக்கா" என்றேன்.

"ஆமா, வாரத்துக்கு ரெண்டு நாளு. பெரிய காவேரி."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கோபம் வந்தது. அவள் சொன்னதும் பொய் இல்லை.

நேற்று காலை முனிராஜ் அண்ணன் வந்தார். பன்னிரண்டரைக்கு அஞ்சலிக் கூட்டம், கொஞ்சம் நாற்காலி, ஒரு மைக். நான் பேச வேண்டுமாம். பேச வேண்டியதையும் அவரே சொன்னார்: கடைசி நாட்களில் நீ மனம் வருந்தினாய், தாய்க் கட்சிக்குத் திரும்ப இருந்தாய்.

"அவன் அப்படிச் சொல்லலையேண்ணா."

"கட்சிக்காக மட்டும் கேக்கல குரு. பெரியவரு மூணு வருசமா மனசுக்குள்ள வெச்சிக்கினு இருக்காரு. ஒரு வார்த்தை. நிம்மதியா ஊருக்குப் போவாரு. செத்தவன் வந்து இல்லைன்னு சொல்லப்போறானா?"

"மிசின்ல பேரிங் மாத்துறேன், சத்தம் நிக்கல. அதுக்காகக் கழட்டிப் போட்ட பழைய பேரிங்க எடுத்துத் திரும்ப மாட்டுவாங்களாண்ணா?"

"கட்சி பேரிங் இல்லப்பா" என்றார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. உனக்கு முதல் கொடியைக் கையில் கொடுத்து இங்கே நடச் சொன்னவர் அவர். அவரையும் முழுசாகத் திட்ட முடியவில்லை என்பதுதான் எரிச்சல்.

உண்மையில் நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில், மத்தியான வெயிலில், சாத்துக்குடி உரித்துக்கொண்டே நான் நேராகக் கேட்டேன். மாத்திப் போட்டது தப்புன்னு தோணுதாடா?

நீ எழுந்து உட்கார்ந்தாய். உடம்பில் தெம்பே இல்லை, குரலில் மட்டும் பழைய சூடு. "எங்கய்யா முப்பது வருசமா ஒரே சின்னத்துல குத்துதாரு. தீப்பெட்டி ஆபீஸ்ல கூலி ஏறுச்சா, வீடு ஒழுகுனது நின்னுச்சா? அவருட்ட யாராவது வருத்தமான்னு கேட்டாங்களால? மாத்திப் போட்டவன்ட்ட மட்டும் எல்லாரும் கேக்குதீங்க."

உரித்த சுளைகளை உன் கையில் வைத்தேன். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாய்: "போட்டதுக்கு வருத்தம் இல்லல. போன்ல சொன்னேன் பாரு, அதான். பஸ் ஏறிப்போயி, அவரு முகத்தப் பாத்துச் சொல்லிருக்கணும். ரெண்டு அடி அடிச்சிருப்பாரு. அதோட தீந்துருக்கும்."

உடம்பு தேறியதும் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். தேறவில்லை. உன்னை வேனில் கொண்டுபோனபோது நான்தான் கூட வந்தேன். அன்று அய்யா உன் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுவா, தெரியவில்லை. அந்த வீட்டில் அன்று எதைச் சொன்னாலும் அழுகையில் அடிபட்டுப் போயிருக்கும்.

முனிராஜ் அண்ணன் சொல்கிற பொய் இனிப்பாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அய்யா அதை நம்பிக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவார். ஆனால் அவர் கட்டிக்கொண்டு போவது உன்னை இல்லை. போனில் ஆமாம் போட்டுவிட்டு வைத்திருக்கக் கூடியவனை. அப்படி ஒருவன் இந்த ரூமில் என்னோடு இருந்ததே இல்லை.

உன் கேள்வியை வருடம் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இன்று செய்ய வேண்டியது:

1. குளித்துவிட்டுப் பத்தரைக்கு பஸ் நிலையம். முனிராஜ் அண்ணன் வருவதற்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும்.

2. இறங்கியதும் எதுவும் பேசக் கூடாது. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த மனிதர். முதலில் இட்லி, டீ. எனக்கு அவசர புத்தி, அதனால் எழுதி வைக்கிறேன்.

3. மைக் பிடிப்பதில்லை. அஞ்சலிக் கூட்டத்துக்கு அவர் போக விரும்பினால் போகட்டும். அதற்கு முன்பே எல்லாம் தெரிந்துவிட்டிருக்கும்.

4. அடுத்த மாதம் ஓட்டு. யாருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீ போட்டாய் என்பதற்காகப் போட மாட்டேன், நீ செத்தாய் என்பதற்காக மாற்றவும் மாட்டேன். வருகிறவனிடம் காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி முதலில் கேட்பேன்.

5. அய்யாவிடம் இரண்டையும் சொல்வேன். ஓட்டுக்கு வருந்தவில்லை என்பதை முதலில், போனுக்கு வருந்தினான் என்பதைப் பிறகு. வரிசையை மாற்ற மாட்டேன்.

6. அவர் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். பேசாமல் எழுந்து திரும்பிப் பஸ் ஏறினால் நானும் ஏறுவேன், கோவில்பட்டி வரைக்கும்.