எச்சில் சொன்ன கோத்திரம்

மேற்கு தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி மிருதுளாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். பெருமாள் கடாட்சத்தில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம், நீயும் அந்த ராட்டர்டாம் குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள், மீதிப் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். நம் தெருவை மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள், இந்தத் தடவை கழிவுநீர்க் குழாயாம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, ஆனால் மார்க்கெட்டுக்கு நடக்காதே என்றால் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பத்ரி நல்ல பையன், நல்ல குடும்பம், ஆனால் அவனும் நம்மைப் போல ஸ்ரீவத்ஸ கோத்திரம், ஒரே ரிஷியின் வம்சம், உனக்கு அண்ணன் முறை, கல்யாணம் கூடாது என்றேன். நீ சண்டை போடவில்லை. ஒரு குப்பியைக் கொடுத்தனுப்பி, டி.என்.ஏ. சோதனைக்கு, அப்பா இதில் துப்புங்கள் என்றாய். தகப்பன்வழி அடையாளம் ஆண் பிள்ளைகளுக்குத்தான் போகுமாம், பெண்ணுக்கு வராதாம், அதனால் என்னுடையதுதான் வேண்டுமாம். டம்ளரை உதட்டில் வைத்துவிட்டால் கையலம்பச் சொல்லும் வீடு இது, அதில் நான் காபி குடிக்காமல் அரைமணி காத்திருந்து குப்பி நிறைய எச்சில் துப்பி அனுப்பினேன். உன் அம்மா அந்த மேஜையைச் சாயங்காலம் வரை துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தோடு விட்டேனா, அந்த மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க ஒரு பரீட்சை வைத்தேன். குரோம்பேட்டை ராகவன் பெரியப்பாவும் துப்பட்டும், அவர் என் சொந்தப் பெரியப்பாவின் பிள்ளை, எங்களுக்கு ஒன்றாக வந்தால் மெஷினை நம்புகிறேன் என்றேன். இந்த வினையை நானேதான் தேடிக்கொண்டேன்.

நீ அனுப்பிய முடிவைப் பலமுறை படித்துவிட்டேன். தகப்பன்வழி வம்சம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாம், என் எழுத்து எல், பத்ரி துப்பியதில் வந்தது ஆர், இருவர் வம்சமும் பிரிந்து நாற்பதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று போட்டிருக்கிறது. வரைபடத்தில் என் அம்பு பாரசீகப் பக்கத்திலிருந்து கிளம்பி சிந்து நதியைத் தாண்டித் தெற்கே இறங்குகிறது, பத்ரியின் அம்பு எங்கோ வடக்கே பனிக்குள்ளிருந்து வருகிறது. நம் முன்னோர் திருக்குறுங்குடியிலிருந்து கிளம்பியவர்கள் என்றுதான் எனக்குத் தெரியும், அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அதுகூடப் போகட்டும். ராகவன் பெரியப்பாவுக்கு ஹெச் என்று வந்திருக்கிறதே, அதை என்ன செய்வது? முன் தலைமுறையில் யாராவது சுவீகாரப் பிள்ளையாக வந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய், வேறு காரணமும் இருக்கலாம் என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறாய், அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். வந்தது என் அப்பாவா, பெரியப்பாவா, ராகவனா, நானா? கேட்பதற்கு அந்தத் தலைமுறையில் ஒருவரும் உயிரோடு இல்லை. எனக்கும் ராகவனுக்கும் ஒரே மூக்கு என்று எல்லோரும் சொல்வார்கள், நேற்று சவரம் செய்யும்போது அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன மார்கழியில் ராகவனின் அம்மா தவறியபோது பங்காளி என்று பத்து நாள் தீட்டுக் காத்தேன், கோயில் பக்கம் போகவில்லை. அது செல்லுமா செல்லாதா? அவர் வேறு தினம் போன் செய்து, "ஏண்டா தோத்தாத்ரி, நம்ம எச்சில் என்ன சொல்றது?" என்று சிரிக்கிறார். இன்னும் வரவில்லை என்று பொய் சொல்கிறேன். அந்தக் காகிதத்தை நம்பினால் உன் கல்யாணத்துக்குத் தடையில்லை, ஆனால் ராகவன் எனக்கு யாரோ ஆகிவிடுகிறார். சுவீகாரம்தான் என்று வைத்துக்கொண்டால், ஹோமம் பண்ணி மந்திரம் சொன்னாலே கோத்திரம் வந்துவிடுகிறது, ரத்தத்தில் வர வேண்டியதே இல்லை, அப்போது பத்ரி மறுபடி உனக்கு அண்ணன் ஆகிவிடுகிறான். எப்படிப் பார்த்தாலும் ஒரு பக்கம் இடிக்கிறது. உன் அம்மாவிடம் விளக்கப் போனால், முதலில் உங்களுக்குப் புரியட்டும் என்கிறாள்.

கடைசியில் நம் புரோகிதர் வாத்தியாரிடம் போனேன். எல், ஆர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "பொண்ணை மாமாவுக்குத் தத்தம் பண்ணிடுங்கோ. அவர் தன் கோத்திரத்துல கன்னிகாதானம் பண்ணிக் கொடுத்துட்டா ஒரு தோஷமும் இல்லே." உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அங்கேயே சேலையூர் மாமாவுக்குப் போன் போட்டாள், அவரும் உடனே சரி என்றார். எனக்கும் பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை வந்த பிறகுதான் உறைத்தது, அப்படியானால் மாங்கல்யம் கட்டும்போது நீ மாமா மடியில் அல்லவா உட்கார்ந்திருப்பாய். நான் எங்கே நிற்பேன்? சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொள்ளவா? வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அம்மா மிருதுளா, எது சரி என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை, அந்தக் காகிதமும் புரியவில்லை, சாஸ்திரமும் பாதிதான் புரிகிறது. ஆனால் உன்னை நான் யாருக்கும் தத்தம் கொடுக்க மாட்டேன். பத்ரியின் அப்பாவை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு நல்ல நாள் பார்த்து வரச் சொல். அவர் தன் கோத்திரத்தை வாய்விட்டுச் சொல்லட்டும், நானும் என்னுடையதைச் சொல்கிறேன், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த வாத்தியார் வர மாட்டேன் என்றால் வேறு வாத்தியார் கிடைப்பார். நீ என் மடியில்தான் உட்கார வேண்டும். அதில் பாவம் ஏதாவது இருந்தால் அது என்மேல் வரட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாதே. ராகவன் பெரியப்பாவுக்கு நீ எதுவும் எழுதிவிடாதே, நாளைக்கு நானே குரோம்பேட்டை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கல்யாணப் பத்திரிகையில் வீட்டுக்குப் பெரியவர் என்று அவர் பெயர்தான் முதலில் வரும். நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தோத்தாத்ரி