யானை இல்லாத தாளில் நூரு வாசித்தது

என் அருமை அத்தாவுக்கு, மண்ணுக்கடியில் உங்கள் கபர்வரை கேட்கிற மாதிரி உரத்த சலாம்.

நூரு வாசித்துவிட்டாள்! உங்கள் சின்ன மகள் நூருதான் அத்தா. இன்று காலையில், அம்மா முன்னால், திக்கித் திக்கி என்றாலும் முழுசாக வாசித்தாள். அவசரத்தில் எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு அம்மா ஒரே பிடியாக நின்றார். "நாலாங் கிளாசு வந்தும் ஒரு வரி வாசிக்கத் தெரியல. இவளுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? நோன்புப் பெருநா கழிச்சு தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகட்டும்." நான் சண்டை போட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா? ஆனால் சண்டை போட்டால் எழுத்து வந்துவிடுமா?

அச்சாபீசிலிருந்து நீங்கள் கொண்டுவரும் தீப்பெட்டி லேபிளையெல்லாம் அவள் கடகடவென்று சொல்வாளே, ஞாபகம் இருக்கிறதா? "எம்புள்ள எம்புட்டு வேகமா வாசிக்கிறா!" என்று தூக்கிச் சுற்றுவீர்களே. ஏமாற்றியிருக்கிறாள் அத்தா! நாளெல்லாம் எழுத்தை அச்சடித்தாலும் உங்களுக்கு எழுத்துத் தெரியாது, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? போன மாதம் யானைப் படம் போட்ட லேபிளைக் காட்டினேன். "யானை" என்றாள். அதில் எழுதியிருந்ததோ "வெற்றி". கள்ளி, பள்ளிக்கூடப் புத்தகத்தையும் இப்படிப் படத்தைப் பார்த்தே ஒப்பித்திருக்கிறாள். படமில்லாத பக்கம் வந்ததும் திருதிருவென்று முழித்திருக்கிறாள்.

படத்தைக் கையால் மறைத்தேன். விரலிடுக்கில் எட்டிப் பார்த்தாள். தலையில் ஒரு குட்டு வைத்த பிறகுதான், கட்டிலுக்கடியில் நீங்கள் போட்டுவைத்த வேஸ்ட் தாள் கட்டு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கலராகத்தானே மிசினில் ஏற்றுவீர்கள்? எழுத்தின் நீலம் மட்டும் ஏறி, படத்தின் கலர்கள் ஏறாமல் கழித்த தாள்கள் அவை. யானை இல்லை, மயில் இல்லை. வெறும் எழுத்து!

முதலில் அழுதாள். "யானையக் காணோமேக்கா." அப்புறம் எழுத்தின்மேல் விரலை ஓட்டி ஓட்டி, ஒன்றோடொன்றைக் கூட்டத் தொடங்கினாள். தினமும் அதே வேலைதான் எங்களுக்கு.

எழுத்துத் தெரியாவிட்டாலும் அம்மா லேசுப்பட்ட ஆளா? இன்று அந்தத் தாள் கட்டுக்குள்ளிருந்து தானே ஒரு தாளை உருவினார். என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய், "என்ன போட்டிருக்கு? காதுல சொல்லு" என்றார். சொன்னேன். "நீ இங்கனயே நில்லு, வாயத் திறக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, அதே தாளை நூருவிடம் கொண்டுபோய் நீட்டினார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

"பா... து... பாதுகா... பாதுகாப்புத் தீப்பெட்டி. சிவகாசி!"

பெட்டி ஒட்டின பசைக் கையோடு அம்மா அவளைக் கட்டிக்கொண்டார். "நீ பள்ளிக்கூடத்துக்கே போ தாயி" என்றார். நான் குதித்த குதியில் அடுப்படியில் ஒரு சட்டி உருண்டது.

நூரு மட்டும் குதிக்கவில்லை. அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். கட்டு முழுவதையும் தரையில் பரப்பிவிட்டாள்.

"என்னடி தேடுற?"

"அத்தா பேரு எங்கக்கா? 'இது நான் போட்டது, இது நான் போட்டது'ன்னு காட்டுவாகளே."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் அச்சுப் போட்ட லேபிள் எத்தனை ஊருக்குப் போயிருக்கும்? ஒன்றிலாவது உங்கள் பேர் உண்டா? "அதுல போட மாட்டாக நூரு" என்றேன்.

"ஏன்?"

நான் பதில் சொல்வதற்குள் பென்சிலை எடுத்துவிட்டாள். "வெற்றி" என்று அச்சடித்த தாளை இழுத்து, அந்த எழுத்துக்குக் கீழே, யானை வரவேண்டிய வெள்ளை இடத்தில், பெரிது பெரிதாக எழுதினாள்: "கனி அத்தா போட்டது."

அவளைக் குச்சி அடுக்க ஒரு நாளும் போக விடமாட்டேன், அத்தா. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. உங்கள் பேர் இப்போது கட்டிலுக்கு மேலே சுவரில் இருக்கிறது, நான்தான் பசை தடவி ஒட்டினேன்.

கனி அத்தாவின் மூத்த மகள்,
நூருவின் வாயாடி அக்கா,
ஜொகரா