டவர் போச்சு என்று இனிமேல் சொல்லாதே

மந்தைவெளி, சென்னை - 28
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அறிவுக்கு, அப்பா நாகராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை கயலும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் அந்த மலையில் அப்படியே இருக்க கபாலி துணை இருக்கட்டும். நலம் என்று ஒரு வார்த்தை எழுதாமல் கடிதத்தை ஆரம்பிக்கக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மா சொல்கிறாள், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். கையில் ஃபோன் இருக்கும்போது இந்த மனிதன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நினைப்பாய். நீ அடுத்து போகப்போகிற மலையில் இன்னும் சிக்னலே கிடையாது என்று நீயே சொல்லிவிட்டாய். உங்கள் கான்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து செம்பியன் சனிக்கிழமை கேபிள் பெட்டியோடு ரயில் ஏறுகிறான், அவனிடம் கொடுத்தால் உன் கைக்கே வந்துவிடும். அதோடு, அன்றைக்கு ஃபோனில் நான் பேச நினைத்தது எதையும் பேசவில்லை. பக்கத்தில் எதிர் ஃபிளாட் வெங்கடரமணன் சார் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் அழ வேண்டாம் என்று சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் மேலே வெயில், கீழே பெட்டிச் சூடு. எனக்கு இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. கயலுக்கு தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிப் போகிறது, உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முகம் மாறுகிறதாம். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தோண்டி வைத்ததில் எந்த பஸ் எந்த வழியாகப் போகிறது என்று டிரைவருக்கே தெரியவில்லை. இதெல்லாம் பழகிவிட்டது. பழகாத விஷயம் ஒன்று நடந்தது, அதைத்தான் எழுத வந்தேன். நீ அதைக் கேட்டுச் சிரித்தாய். சிரித்தது தப்பில்லை, ஆனால் முழுக்கத் தெரிந்துகொண்டு அப்புறம் சிரி.

என் வண்டி நிற்கிற மரத்துக்கு எதிரே இருக்கிற ஃபிளாட் மாடியில் ஒரு டவர் உண்டே, அதில் பழைய பெட்டிகளை இறக்கிவிட்டு புதுசு மாட்டுகிறார்கள். ஃபைவ்ஜி வருகிறது, படம் எல்லாம் நொடியில் இறங்கும் என்கிறார்கள். அது வரும்போது வரட்டும், இருந்ததும் போய்விட்டது. இந்தத் தெரு முழுக்க ஃபோன் வெறும் கடிகாரமாகிவிட்டது. அந்த ஃபிளாட்டுக்கு செக்ரட்டரி வெங்கடரமணன் சார், உனக்குத் தெரியும், சின்ன வயதில் உனக்கு மாங்காய் கொடுத்து அனுப்புவாரே அவர்தான். ரேடியேஷன் உடம்புக்கு ஆகாது, டவரே வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவர் அவர். இப்போது பால்கனியில் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்ன நாகராஜ், எங்காத்துல டவரே வரலியேப்பா, அமெரிக்காலேர்ந்து பொண்ணு கூப்பிட்டா மூஞ்சி அப்படியே நின்னுண்டு இருக்கு என்று என்னிடம் புலம்புகிறார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. உங்க மாடியிலதான சார் கீது, கேட்டுப் பாருங்க என்றேன். அவரும் சிரித்தார்.

அந்த வாரத்தில்தான் உன் கூட வேலை செய்கிற டில்லிபாபு ஃபோன் செய்தான். உன் அம்மா தெற்கு மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள், அங்கே கொஞ்சம் சிக்னல் இருந்திருக்கிறது. வியாசர்பாடிக்காரன், வேகமாகப் பேசுகிறவன், நடுவில் வண்டிச் சத்தம், கோயில் மேளம். அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான். அம்மா, டவர் பூட்ச்சி, அறிவு மேல பூட்டான். அதோடு கட். திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் இந்தியில் சொல்கிறாள், இங்கிலீஷில் சொல்கிறாள், தமிழில் சொல்ல அங்கே ஆளில்லை. கீரைக்கட்டை கடைக்காரி மடியிலேயே போட்டுவிட்டு, செருப்பை எங்கே விட்டாள் என்று தெரியாமல், மாட வீதியிலிருந்து மந்தைவெளி வரை ஓடி வந்திருக்கிறாள். என் எதிரில் வந்து நின்று அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் உடனே சொன்னதும் நீ அப்புறம் ஃபோனில் சொன்னதேதான் அறிவு. அடிப் பைத்தியமே, டவர் பூட்ச்சின்னா சிக்னல் இல்லேன்னு அர்த்தம், தெருவே அப்படித்தான பேசுது, மேல பூட்டான்னா மலை மேல வேலைக்குப் போயிருக்கான் என்று சொன்னேன். கயலும் ராத்திரி வந்து அதையேதான் சொன்னாள். சொல்லும்போது என் வாய்க்கே அதில் நம்பிக்கை இல்லை. எல்லார் வீட்டிலும் டவர் போனால் பேச்சு போகும். நம் வீட்டில் டவர் போனால் பிள்ளை போய்விடும், ஏனென்றால் அதன் உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பவன் நம் பிள்ளை. மேலே போய்விட்டான் என்று யாரைப் பற்றிச் சொல்வோம் என்று உனக்கும் தெரியும். இந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னவனை நான் என்ன செய்வது, நல்ல பையன்தான், அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

மறுநாள் காலையில் நானும் அவளும் அசோக் நகருக்கு உங்கள் கான்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போனோம். அனுப்ரியா என்று ஒரு பெண் இருந்தது, நல்ல மரியாதையாகப் பேசியது, தண்ணீர் கொடுத்தது. எங்க பையன் அறிவு அந்த அருணாசலப் பிரதேசத்து மலையில வேலை செய்யறாம்மா, ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அந்த சைட் நேத்துலேருந்து டவுன்ல இருக்கு சார், டீமையும் ரீச் பண்ண முடியல, தெரிஞ்சதும் சொல்றேன் என்றது. டவுன் என்றால் கீழே என்றுதானே எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். டவர் போச்சு, பையன் மேலே போய்விட்டான், சைட் டவுன். டவுன் என்றால் என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அடுத்த ஃபோன் வந்தது, நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அங்கிருந்து அம்மா வீட்டுக்கு வர மாட்டேன் என்றாள். வடபழனி பக்கம்தானே, முருகனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கயலைக் கடைக்கு லீவு போட வைத்துக் கூட அழைத்துக்கொண்டு போனாள். நான் வண்டிக்கு வந்துவிட்டேன். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதபோது சட்டைக்கு இஸ்திரி போட எப்படி மனசு வந்தது என்று நீ கேட்கலாம். வேறென்ன செய்வேன் நைனா. கை சும்மா இருந்தால் மனசு அந்த மலையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. எதிர் மாடியில் இரண்டு பேர் கயிறு கட்டிக்கொண்டு புதுப் பெட்டியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை, மஞ்சள் தொப்பி மட்டும் தெரிந்தது. அவர்களைப் பார்க்கக் கூடாது என்று குனிந்தே வேலை செய்தேன். அப்போதுதான் பால்கனியிலிருந்து வெங்கடரமணன் சார் கத்தினார். நாகராஜ், ஓடி வா, நோக்கு பி.பி. கால் வந்திருக்கு, அறிவு பேசறான்!

பி.பி. கால் என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. வீட்டில் ஃபோன் இல்லாத காலத்தில் உன் ஸ்கூலுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அவர் வீட்டு நம்பரைத்தானே பி.பி. நம்பர் என்று கொடுத்து வைத்திருந்தோம், எப்போது கூப்பிட்டாலும் மாடியிலிருந்து ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிடுவார்கள். அந்த லேண்ட்லைனை இன்னும் எதுக்கு சார் வச்சிருக்கீங்க என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். நீ அந்த நம்பரை மறக்காமல் இருந்திருக்கிறாய். இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். எதன் மேல் வைத்தேன் என்று திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன், அவருடைய வெள்ளைச் சட்டைதான், முதுகில் பெட்டி அளவுக்குக் கருகிப் போயிருந்தது. அவரிடம் காட்டினேன், போனா போறது போ, சட்டைதானே என்றார். அந்த வார்த்தைக்காக அந்த மனிதரை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

நீ என்ன சொன்னாய்? மலையில் பழைய டவரை நிறுத்திவிட்டுப் புதுசு மாட்டினோம், அதனால் சிக்னல் இல்லை, மேலேயே தங்கிவிட்டேன், உங்கள் இரண்டு பேர் நம்பரும் போகவில்லை, அதனால் பி.பி.க்கு அடித்தேன் என்றாய். அங்கே நீ கழற்றிவிட்டாய், இங்கே எவனோ கழற்றிவிட்டான், நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். நான் விஷயத்தைச் சொன்னதும், இன்னாப்பா, டவர் பூட்ச்சின்னா இன்னான்னு கூடவா தெரியாது என்று விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். வைத்துவிட்டு இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து அழுதேன், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அப்புறம் சிக்னல் கிடைக்கிற இடம் வரை நடந்து போய்க் கயலுக்குச் சொன்னேன். அதற்குள் உன் அம்மா கொடிமரத்துக்கு எதிரில் விழுந்து கும்பிட்டு, என் பிள்ளை திரும்பி வந்தால் அவன் தலைமுடி உனக்கு என்று முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டாளாம். கொஞ்சம் நேரம் பொறுத்திருந்தால் உன் முடி தப்பித்திருக்கும். இனி அது உன்னுடையது இல்லை, அங்கே யாரிடமும் தலையைக் கொடுத்து வெட்டிக்கொள்ளாதே, இங்கே வந்துதான் இறக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் அடைபட்டு வேர்க்கிறது என்று சொல்லாதே, முருகனிடம் சொல்லிக்கொள்.

அதே ஃபோனில் இன்னொன்றும் சொன்னாய். இந்த மலை முடிந்தது, இன்னும் மேலே ஒரு ஊரில் புது டவர் வைக்கப் போகிறோம், நானும் பேர் கொடுத்துவிட்டேன் என்று. அந்த ஊர்க்காரர்கள் ஃபோன் பேச வேண்டுமானால் பாதி நாள் இறங்கி நடக்க வேண்டும் என்றும், இதற்கு முன்னால் அப்படி ஓர் ஊரில் வைத்த டவரில் முதல் நாளே ஊர் மொத்தமும் வரிசையில் நின்று பிள்ளைகளோடு பேசியதென்றும் சொன்னாய். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுதவும் வரவில்லை. பிள்ளையின் குரலுக்குக் காத்துக்கொண்டு நிற்பது என்னவென்று இந்த வாரம் எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஊரில் நிற்பவளும் உன் அம்மாவைப் போன்றவள்தானே. போ. ஆனால் அதோடு போதும், எங்களுக்குச் சக்தி இல்லை அறிவு. அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வா. இங்கேயும்தான் மாடிக்கு மாடி டவர் மாட்டுகிறார்கள், இங்கே ஏறு, கீழே நின்று நான் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஏறும்போது இரண்டு கொக்கியும் இருக்கட்டும், ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும் என்று நீதான் எங்களுக்கு ஜன்னல் கம்பியில் செய்து காட்டினாய், அவசரத்தில் மறக்காதே. மழை, காற்று என்றால் ஏறாதே. அங்கே கிடைப்பதைச் சாப்பிடு, செம்பியனிடம் அம்மா எள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் கொடுத்து அனுப்புகிறாள், டில்லிபாபுவுக்கும் கொடு. அவனிடமும் சொல்லிவை, நீயும் எழுதி வைத்துக்கொள்: சிக்னல் இல்லையென்றால் சிக்னல் இல்லை என்று சொல்லுங்கள். டவர் போச்சு என்று இந்த வீட்டுக்கு இனிமேல் சொல்லாதீர்கள். ஊருக்கே அது ஒரு பேச்சு, எங்களுக்கு மட்டும் அதைத் தாங்க முடியாது.

இதோடு முடித்துக்கொள்கிறேன். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், கை கால் உறுதியாக இருக்க வேண்டும், கயல் கழுத்தில் தாலி ஏறும்போது அண்ணனாக நீ முன்னால் நிற்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உன் கூடவே இருக்கிறது. அம்மா ஒரு வரி எழுதச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் இறங்கியவுடன் ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லு, எடுக்க மாட்டேன், மணி அடித்தால் போதும் என்கிறாள். அந்த மலையில் சிக்னலே கிடையாதே, எப்படிக் கொடுப்பான் என்று கேட்டேன். அவந்தான அங்க டவர் வெக்கப் போறான், வெச்சிட்டு மொத மணி எனக்கு அடிக்கட்டும், அது வரைக்கும் நான் இத கீழ வெக்க மாட்டேன் என்றாள். நான் இதை எழுதி முடிக்கிறவரை ஃபோன் அவள் மடியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
மு. நாகராஜ்
(பக்கத்தில் அம்மா சுலோச்சனா)