லேடி ஆஷ்பியில் தாத்தா வரவில்லை

2024 மார்ச் 3, ஞாயிறு

நூலகத்து நிஷாந்தி மிஸ் என்னைப் போனில் கூப்பிட்டார். இருபத்து நான்காம் தேதி ஹட்டன் நூலக மண்டபத்தில் 'லேடி ஆஷ்பி' கப்பலைப் பற்றி நான் பேச வேண்டுமாம். எழுதித் தருகிறேன், வேறு யாராவது வாசிக்கட்டும் என்றேன். "தேடினது நீ, வாசிக்க இன்னொரு ஆளா?" என்று சிரித்தார்.

அப்பா சொல்லித்தான் தேடவே தொடங்கினேன். இப்போது தோட்டத்து லயக் குடியிருப்பு முழுக்க அவர் பேச்சுதான்: "சண்டக் காலத்துல எங்கப்பா வந்த கப்பல். எம்மக அதப்பத்திப் பேசப் போறா."

மார்ச் 9

கடற்படைப் பதிவுகளின் நகல் வந்துவிட்டது. தேயிலைத் தோட்ட வேலைக்காக நம் ஆட்களைக் கடல் தாண்டித் தலைமன்னாருக்கு ஏற்றி வந்த கப்பலை, 1939-ல் உலகப் போர் தொடங்கியதுமே கடற்படை துணைக் கப்பலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. சாம்பல் வண்ணம் பூசி, முன்னால் ஒரு பீரங்கி. ஆட்கள் குந்தியிருந்த பின்தளத்தில், கடலுக்குள் கட்டிவைத்த கண்ணிவெடிகளை அறுத்தெடுக்கும் கம்பிச் சுருள்கள். கொழும்புத் துறைமுக வாயிலில் விடியலில் அது போய்வந்த பிறகுதான் அரிசிக் கப்பல்கள் உள்ளே வருமாம். 1942-ல் துறைமுகத்தில் விமானக் குண்டு விழுந்த அன்று எண்ணெயில் மிதந்தவர்களைத் தூக்கி எடுத்திருக்கிறது. 1946-ல் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

எவ்வளவு நல்ல கப்பல்!

ஆனால் சண்டை முடியும்வரை ஒரு பயணியைக்கூட ஏற்றவில்லை. அப்படியானால் தாத்தா?

மார்ச் 10

அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 16

சொல்லிவிட்டேன். ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டார். "அப்போ எங்கப்பா பொய் சொன்னாரா?" இல்லப்பா, கப்பல் பேரு மாறியிருக்கும் — முடிக்க விடவில்லை. "கூட்டத்துல அத மட்டும் விட்டுரு. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேக்க மாட்டாங்கதான். எனக்குத் தெரியுமே! அத மறைச்சிட்டு மத்தத எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? படிச்சு என்னத்தக் கிழிச்சேன் — அப்பா மனச நோகடிக்கவா?

மார்ச் 22

அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மழை.

மார்ச் 24

பேசினேன். முதலில் மேசையைப் பார்த்தே. கண்ணிவெடி வந்ததும் குரல் வந்துவிட்டது. அதையும் சொன்னேன்: போர் ஆண்டுகளில் நம் ஆட்கள் யாரும் இதில் வரவில்லை.

பின்வரிசையிலிருந்து நல்லமுத்து மாமா அப்பாவைப் பார்த்து: "என்னா மச்சான், அப்ப ஒங்கப்பா நீந்தியா வந்தாரு?"

மண்டபமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அப்பா எழுந்து நின்றார்.

"எங்கப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. எதுல ஏத்துனானுங்களோ! எம்மக கண்டுபுடிப்பா. ஒங்கப்பா எதுல வந்தாருன்னு ஒனக்குத் தெரியுமா, அதச் சொல்லு மொதல்ல."

இப்போது சிரிப்பு மாமாவின் மேல்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்தக் கம்பி பட்டு வெடி வெடிச்சிராதா?" கொட்டகலை வரும்வரை விளக்கிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 7

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நாகலெட்சுமி அக்கா வழிமறித்தார். "எங்காளுங்க எந்தக் கப்பல்ல வந்தாங்கன்னு பாத்துச் சொல்லேன் புள்ள."

வழக்கமாகத் தலையைக் குனிந்து தண்ணீர் பிடித்து ஓடிவந்துவிடுவேன். இன்று குடத்தைக் கீழே வைத்தேன்.

"எந்த வருசம்னு தெரியுமாக்கா?"

பின்னால் நின்றவர்களும் குடங்களை இறக்கினார்கள்.