மஞ்சள் ஜெயித்த காலை

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தம்பியும் இங்கே சுகம். உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று முதல் வரியிலேயே கேட்டுவிடுகிறேன், ஃபோனில் கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பதைத் தவிர உன் வாயிலிருந்து ஒன்றும் வராது. நேற்று முழுக்க நம் வீட்டில் உன் ஊர்த் தேர்தல்தான். ஒரு கட்சி வந்தால் உன்னைப் போன்றவர்களுக்கு விசாவை நீட்டித்துத் தருவார்கள், மற்றது வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே ராத்திரி ஓட்டு எண்ணுகிற நேரம் இங்கே பளீரென்று விடிந்துவிட்டது. நீ தூங்குவாய், எழுப்பக் கூடாது என்று ஃபோனைத் தொடவில்லை. அந்த ஊர் சேனலை எப்படியோ பிடித்து அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தார், நான் பக்கத்திலேயே தையல் மிஷினில். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடைத் துணி கூடம் முழுக்கக் குவிந்து கிடக்கிறது.

கட்சிகளின் பெயர் எங்கள் வாயில் நுழையாது என்பது உனக்குத் தெரியும். படத்தில் ஊதா ஒன்று, மஞ்சள் ஒன்று, அவ்வளவுதான் எங்களுக்கு. இதில் எது நம்முடையது? போன வாரம் நீ மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்பினாயே, அதை எடுத்துப் பார்த்துவிட்டு அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். "பிடிக்காத கட்சியோட கலர்ல யாராவது காசு குடுத்துக் கோட்டு வாங்குவாங்களா, மஞ்சள்தான் நம்மளுது" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாஷை புரியாததால் அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார், சத்தம் கூடினால் பாஷை புரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. நான் போய்ச் சத்தத்தை ஒரேயடியாக நிறுத்தினேன். அப்புறம்தான் நன்றாக இருந்தது. ஒரு பெண் சத்தமில்லாமல் வாயசைத்து வரைபடத்தை விரலால் தொடுவாள், ஏதோ ஒரு ஊர் பூத்துப் பெரிதாகும், அதில் நிறம் ஊறும். கெட்டிக்காரப் பெண்தான், ஆனால் அவள் கோட்டுக்குக் கை தைத்தவன் தையல்காரனே இல்லை, தோளில் அத்தனை சுருக்கம். ஜன்னல் வெயில் டிவி மேல் விழுந்து பாதிப் படத்தைக் கரைத்துவிட்டது. மிஷின் தானாக ஓடுகிற மாதிரி இருந்தது, கண் சொக்கிவிட்டது எனக்கு. அந்த வரைபடம் என் மடியில் கிடக்கிறது, நான் அதற்கு ஓரம் அடிக்கிறேன், ஒரு மஞ்சள் துண்டுக்குள் நீ பொத்தான் அளவுக்கு நின்று தலை துவட்டிக்கொண்டிருக்கிறாய், ஊசி உன் மேல் பட்டுவிடுமோ என்று நான் மெதுவாக, மெதுவாக மிதிக்கிறேன். கனவா என்று கேட்டால் கண் திறந்துதான் இருந்தது.

அப்பா போட்ட சத்தத்தில்தான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். டிவியில் மஞ்சள் கொடிக்காரர்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், இன்னொரு மண்டபத்தில் ஊதாக்காரர்கள் மூக்கைச் சிந்துகிறார்கள். "நம்ம பொண்ணு ஜெயிச்சுட்டாடி!" என்றார், ஏதோ நீயே தேர்தலில் நின்ற மாதிரி. சட்டையைக் கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய்க் கேக் வாங்கி வந்து, கீழே மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்து, சலவைக்காரருக்குக் கொடுத்து, என் வாயிலும் திணித்தார். மத்தியானம் சாப்பிட வந்த உன் தம்பி டிவியைப் பார்த்தான், கேக்கைப் பார்த்தான். "ஐயோ அப்பா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க, அக்காவைத் திருப்பி அனுப்புவோம்னு சொல்ற கட்சியே இதுதான்" என்றான். பாவம் மனுஷன், வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடிக்குப் போனேன். உன் கட்டில் மேல் அடுக்கியிருந்த சீருடைக் கட்டுகளையெல்லாம் தரையில் இறக்கினேன், மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன். வாய் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது. அப்பா மேலே வந்து வாசலில் நின்று பார்த்தார். "பிள்ளையோட பிழைப்பே போகப்போகுதுன்னு நான் தவிச்சுட்டிருக்கேன், நீ மெத்தை தட்டுறியா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்ததடி. பெற்ற மகள் வேலையை விட்டு வரப்போகிறாள் என்று வெட்கமில்லாத சந்தோஷம். அங்கே உன் மேசை, உன் விளக்கு, நீ செய்து கொடுத்த பல்செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் சிரித்துப் பார்க்கும் வயசானவர்கள் என்று எவ்வளவு ஆசையாகச் சொல்வாய், அதெல்லாம் அந்த நேரம் எனக்கு ஞாபகமே வரவில்லை. அப்புறம் வந்தது. உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உன் கட்டில் மேலேயே திரும்ப வைத்தேன், முதுகு விட்டுப்போயிற்று.

இதை ஃபோனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே இருப்பார். நீ உடனே விசா விஷயம் பார்க்கிற அந்த வக்கீலைப் போய்ப் பார், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. உன் முதலாளியம்மாவிடம் உதவி வேண்டும் என்று வாய்விட்டுக் கேள், கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. எங்களுக்காகத் திரும்பி வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, சொன்னால் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. நீ ஃபோனில் அழுதால் நானும் கூட அழுவேன், அதில் பாதி பொய் என்று இப்போதே தெரிந்துகொள். என் ஆசீர்வாதம் இதுதான்: நீ ஆசைப்படுவது நடக்கட்டும், நான் ஆசைப்படுவது நடக்கவே வேண்டாம்.

உன்னையே நினைத்து மிஷின் மிதிக்கும்,
அம்மா