நோயாளிகள் பட்டியலில் என் பெயர்

அலபாமா,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் வொனெட்டாவுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். உன் தம்பி கோர்டெல் ஒருவழியாகக் கூரையைச் சரிசெய்துவிட்டான், இரண்டு ஆணிதான் மிச்சம், அதற்கு இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்கொள்வான்.

மூன்று வாரம் முன்பு நீ மினியாபொலிஸிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, வேலைக்கு உள்ள போக முடியல, ஆஸ்பத்திரி வாசல்ல காருக்குள்ளயே உக்காந்து அழறேன், மனசுக்குன்னு டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார்" என்றாய். நான் பெரிய இவளாட்டம், "கறுப்புப் பொம்பளைக்கு அதெல்லாம் ஏதுடி, ஜெபம் பண்ணு, நீ திடமானவ" என்றேன். அன்றைக்கு வைத்த போனை நீ மறுபடி எடுக்கவே இல்லை. அதோடு விட்டேனா? சபையில் ஞாயிறுதோறும் வாசிக்கும் நோயாளிகள் பட்டியலில் உன் பெயரைக் கொடுத்து, வயிற்றுக் கோளாறு என்று பொய் சொன்னேன். சர்க்கரை, இடுப்பு, கண்புரை எல்லாம் அந்தத் தாளில் ஏறும், மனசு மட்டும் ஏறியதே இல்லை. சபையில் என் பக்கத்தில் உட்காரும் சிஸ்டர் ஒடெஸா உனக்கு அனுப்பச் சொல்லி ஒரு ஜாடி இஞ்சிச் சாற்றோடு வந்து நின்றாள். அதை வாங்கும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று, பதினான்கு வயதுப் பிள்ளை உன் கையில் தட்டுகளைக் கொடுத்து வந்தவர்களுக்குப் பரிமாறச் சொன்னேன். நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எல்லாரும் மெச்சினார்கள், நானும் பூரித்துப்போனேன். அன்று உன்னை மடியில் போட்டுக்கொள்ளாமல் போனேனே.

இன்று காலை பட்டியலை வாசிக்கும்போது எழுந்து நின்றேன். உன் பெயரை எடுத்துவிடச் சொன்னேன், உன் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "என் பேரை எழுதுங்க. முழங்காலுக்கு இல்ல, மனசுக்கு. அவர் போனதுலேர்ந்து நான் சரியாத் தூங்கினதே இல்ல" என்றேன். சபையில் அசைந்துகொண்டிருந்த கைவிசிறிகள் எல்லாம் நின்றுபோயின. ஒடெஸாதான் உட்கார்ந்தபடியே, "அதுக்குக் கீழ என் பேரையும் போடுங்க, எவ்வளவு நாள்தான் இடுப்பு வலின்னே சொல்றது" என்றாள். அப்புறம் இன்னும் நாலு பெண்கள் கை தூக்கினார்கள். வியாழக்கிழமை நான் டாக்டரைப் பார்க்கப் போகிறேன், ஒடெஸாவும் கூட வருகிறாள். வழியெல்லாம் வாய் மூடமாட்டாள், அதற்கும் சேர்த்துத்தான் மாத்திரை கேட்கவேண்டும்.

நான் சொன்னது தப்பு மகளே, மன்னித்துவிடு. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, ஒரு நாளும் விடாதே. கர்த்தர் உனக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும். நீ கூப்பிடும்போது நல்லாயிருக்கேன் என்று சொல்லவேண்டாம், ஒன்றுமே பேசவும் வேண்டாம். நீ அழு, நான் போனை வைக்கமாட்டேன்.

உன் அம்மா
எர்னஸ்டீன்