குறை இல்லை என்று எழுதிய பதினோரு வருஷம்

7-12-2025
ஞாயிறு, பிற்பகல்

அன்பு மகள் விஜிலாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நான் சுகமாக இருக்கிறேன், மழைக்குக் கால் மூட்டு மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. நீயும் மருமகன் டிக்சனும் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று காலையில் ஆலயத்தில் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்து பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிற அப்பாவிடமிருந்து கவர் வந்தால் உனக்குத் திக்கென்று இருக்கும், பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொன்னால் பாதியில் நீ அழ ஆரம்பிப்பாய், நானும் சரி சரி என்று பேச்சை மாற்றிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிப்ரவரியில் உன் பிரசவத்துக்கு நான் நியூசிலாந்து வர முடியாமல் போகலாம். ஏன் என்று கடைசி வரை வாசித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

வர ஆசையில்லாமல் இல்லை அம்மா. உன் அம்மா இருந்தால் இதெல்லாம் அவள் பாடு, அவள் போய் ஆறு வருஷமான பிறகு எல்லாம் என் தலையில்தான். அடுத்த வீட்டு அருணாசலவடிவு அக்காவிடம் பச்சைப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இரண்டு காலையும் நீட்டி உட்காரவைத்து, துண்டில் சுற்றிய தேங்காயைக் கொடுத்து, தலையை இப்படிப் பிடிங்க அண்ணாச்சி, கழுத்து சாயுது பாருங்க என்று அந்த அம்மாள் திட்டாத நாள் இல்லை. உடன்குடிக் கருப்பட்டி வாங்கிப் பானையில் கட்டி வைத்தாயிற்று. சுக்கு, திப்பிலி எல்லாம் காயவைத்திருக்கிறேன். நீ கேட்ட மக்ரூன் மட்டும் கிளம்புகிற அன்றைக்கு வாங்கினால் போதும் என்று விட்டுவைத்தேன். ஜனவரி முப்பத்தொன்றில் ஓய்வு பெற்று, நாலாம் தேதி விமானம் ஏறுவது என்று டிக்சன் டிக்கெட்டே போட்டுவிட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பேரூராட்சியில் செலவைக் குறைக்க வேண்டும் என்று அக்டோபரில் தீர்மானம் போட்டார்கள். சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலைகளான குடிநீர்க் குழாய், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு இவற்றில் கை வைக்க முடியாது. சட்டம் கட்டாயப்படுத்தாமல் நாங்களாகச் செய்கிற வேலைகள் சில உண்டு, கடற்கரையில் குப்பை பொறுக்குவது, நாய்களுக்குக் கருத்தடை, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, அப்புறம் வீட்டுக் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதிப்பது. இவையெல்லாம் தேவைதானா என்று ஆய்வு செய்ய ஒரு குழு, அதற்குத் தலைவர் எங்கள் செயல் அலுவலர் லிங்கராஜ் சார். அந்த ஆய்வுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது வேறு யார், சுகாதார ஆய்வாளராகிய உன் அப்பாதான். கிணற்றுப் பரிசோதனைக்கு நேரே, கடந்த பதினோரு ஆண்டுகளில் குறை கண்டறியப்பட்ட கிணறுகள் எத்தனை என்று ஒரு கட்டம். பதிவேட்டைப் பார்த்து, இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பதினோரு வருஷமாக ஒரு கிணற்றில்கூடக் குறை இல்லையென்றால் பரிசோதனை எதற்கு என்று குழு கேட்கிறது. கேள்வியில் என்ன தப்பு. இறுதி முடிவு எடுக்கும்வரை பரிசோதனையை நிறுத்தி வைக்கவும் உத்தரவாகிவிட்டது.

நான் எழுதிய அந்த இல்லை என்பது பொய். முழுப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, பாதிப் பொய், அது இன்னும் மோசம். நீ ப்ளஸ் டூ படிக்கும்போது நம் வீட்டு ஜன்னலில் பரிசோதனை மருந்து போட்ட சின்னச் சின்னக் குப்பிகளில் கிணற்றுத் தண்ணீர் வைத்திருப்பேன், கழிவு கலந்திருந்தால் இரண்டு நாளில் கறுத்துப் போகும், நீகூட மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். சங்குக்காரத் தெருவில் அப்போது மூன்று கிணறு கறுத்தது. கடலோர மணல், பத்தடியில் தண்ணீர், பக்கத்திலேயே கழிப்பறைக் குழி, மழை பெய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நானும் கடமை தவறாமல் பதிவேட்டில் எழுதினேன். அதை யாரோ பார்த்து, பத்திரிகையில் தெருப் பெயரோடு செய்தி வந்துவிட்டது. அந்தத் தெருவில் காயப்போட்ட கருவாட்டை ஒரு மாதம் யாரும் வாங்கவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை, எமில்டாவின் மூத்த மகளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்று போனது. எமில்டா உனக்குத் தெரியும், புருஷன் சங்கு குளிக்கப் போகிறவர், அவள் நம் வீட்டுக்கு நகரை மீன் கொண்டு வருவாள். சீக்குத் தண்ணி குடிக்கிற வீட்டுப் பொண்ணு என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அலுவலகத்துக்கே வந்து என் மேஜை மேல் கையை வைத்து, சார், தண்ணியச் சரி பண்ணுங்க, எங்களத் திட்டுங்க, ஆனா இனிமே எழுதிராதிய என்று நின்றாள். அவள் கண்ணைப் பார்த்து, எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து இப்படித்தான் ஓட்டினேன். குப்பி கறுத்தால் விடியுமுன் போய் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவேன், ஒரு வாரம் கண்டிப்பாகக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வீட்டு ஆட்களிடம் வாயால் சொல்லுவேன், மறுபடி தண்ணீர் எடுத்துப் பார்த்து அது தெளிவாக இருந்தால் அதை மட்டும் பதிவேட்டில் ஏற்றுவேன். தெரு மானம் போகவில்லை, பிள்ளைகளுக்கும் ஒன்றும் வரவில்லை. குறையே இல்லாத பேரூராட்சி என்று குடியரசு தினத்தில் எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். உன்னிடம் மறைத்து என்ன, அதை வாங்கும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எமில்டாவுக்காக எழுதாமல் விட்டது முதல் இரண்டு வருஷம்தான் அம்மா, மிச்சம் ஒன்பது வருஷமும் அந்த நல்ல பெயருக்காக. நன்றாகச் செய்த வேலையை நானே இல்லாத வேலையாக ஆக்கிவிட்டேன்.

நவம்பர் மூன்றாவது வாரம் நல்ல மழை. உத்தரவு இருக்கிறதே என்று நான் குப்பியைத் தொடவில்லை, குழாய்த் தண்ணீர் ஆறு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்று தெரிந்தும் தொடவில்லை. போன திங்கட்கிழமை சங்குக்காரத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். ஒன்று தேறி வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னொன்று எமில்டாவின் பேத்தி, அந்த மூத்த மகள் அப்புறம் மண்டபம் ஊரில் வாழ்க்கைப்பட்டு, தங்கச்சி கல்யாண வேலைக்கென்று பிள்ளையோடு வந்திருக்கிறாள். நாலு வயது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, குளுக்கோஸ் ஏறுகிறது, ஒன்றுக்குப் போவது குறைந்துவிட்டது என்று டாக்டர் நெற்றியைச் சுருக்குகிறார். வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். வராந்தாவில் இருந்த எமில்டா என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், கேக்கிறவங்ககிட்ட எல்லாம் கடைப் புரோட்டா தின்னுட்டான்னு சொல்லிருக்கேன் சார், நீங்களும் அப்படியே சொல்லிருங்க என்றாள். பிள்ளையின் கையில் ஊசி குத்தியிருக்கிறது, இவள் புரோட்டா என்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, அந்தப் பேச்சை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று இருந்தது.

அன்று சாயங்காலமே உத்தரவை மீறிக் குப்பிகளோடு போனேன். ஒன்பது கிணற்றில் தண்ணீர் எடுத்தேன், நேற்று ஏழு கறுத்துவிட்டது. உடனே வீடு வீடாகச் சொல்லி, பவுடரும் போட்டாயிற்று. ஆனால் இந்த ஒரு தடவையோடு முடிகிறதா, மழை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அடுத்த வருஷமும் மழை வரும், நான் இருக்க மாட்டேன். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பரிசோதனையை நிரந்தரமாக நிறுத்தத் தீர்மானம் வருகிறது. நிறுத்தக் கூடாது என்றால் ஒரே வழிதான், நான் எழுந்து நின்று பதிவேடு பொய் என்று சொல்ல வேண்டும். முதல் பரிசோதனை முடிவுகளை எல்லாம் வருஷா வருஷம் ஆலயத்தில் வாங்குகிற டைரியின் பின்பக்கங்களில் குறித்து வைத்திருக்கிறேன், பதினோரு டைரி. அதைக் கொடுத்தால் யாரும் மறுக்க முடியாது, நானும் தப்ப முடியாது.

லிங்கராஜ் சாரிடம் நேற்றே போய் எல்லாம் சொன்னேன். நல்ல மனுஷன். கதவைச் சாத்திவிட்டு, சார், நீங்க எழுதுனதைத்தான் நான் கூட்டிப் போட்டேன், இப்ப நீங்களே பொய்ங்கிய, எழுத்தில வந்துட்டா மெமோ கொடுக்காம நான் இருக்க முடியாது, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில இருந்தா உங்கள ரிட்டயர் ஆகவே விடமாட்டாங்க, வெளிநாட்டுக்கும் அனுமதி கிடைக்காது, ஐம்பத்தஞ்சு நாள்தான் இருக்கு, வாயத் தொறக்காதிய, மகளுக்குப் பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் நான் ஏதாச்சும் பண்ணுதேன் என்றார். உண்மையாகவே என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன் என்பதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீடு வந்து சேர்கிறவரை எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஜன்னலில் அந்த ஏழு குப்பியையும் மறுபடி பார்த்த பிறகுதான் அது போனது.

இன்று ஆராதனை முடிந்ததும் நேரே எமில்டா வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லாமல் கூட்டத்தில் சொல்வது முதுகில் குத்துகிற மாதிரி. இளையவளுக்குப் பொங்கல் கழித்துக் கல்யாணம், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவே இன்னும் நாள் இருக்கிறது. நான் செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுக்கப் போகிறேன், தெருப் பெயர் வரும் என்றேன். கல்யாணம் முடியட்டும் சார், அதுவரைக்கும் நாங்க காய்ச்சியே குடிக்கோம், பாத்திரம்கூட வெந்நியில கழுவுதோம் என்றாள். நீ காய்ச்சுவாய், மற்ற எட்டு வீட்டுக்கு யார் பொறுப்பு என்றேன். உங்க மகளுக்குக் கெடுதல் வருதுன்னா எழுதுவியளா சார் என்று கேட்டாள். உன் பிரசவத்தைப் பற்றியோ மெமோவைப் பற்றியோ அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியப்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை, என் நஷ்டத்தைக் காட்டி அவள் வாயை அடைப்பது என்ன நியாயம். எழுதுவேன் என்று மட்டும் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளிடம் சொல்லிவிட்டேன், ஆனால் மகளே, உன்னிடம் கேட்காமலேயே உனக்கு வர வேண்டியதையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறேன். அம்மாவும் இல்லாமல் அப்பாவும் இல்லாமல் ஆள் தெரியாத ஊரில் நீ வலியெடுத்துப் படுத்திருப்பாய் என்று நினைக்கும்போது எழுத்து மறைக்கிறது. என்மேல் உனக்கு வருத்தம் வந்தால் அது நியாயமான வருத்தம்தான், நான் சமாதானம் சொல்ல வரமாட்டேன். டிக்சனின் அம்மா நாசரேத்தில் சும்மாதானே இருக்கிறார்கள், கூச்சப்படாமல் அவர்களை வரச் சொல். கருப்பட்டியும் மருந்துப் பொடியும் அவர்களிடமே கொடுத்தனுப்புகிறேன். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, வாந்தி வருகிறது என்று காலைச் சாப்பாட்டை விடாதே, இடது பக்கம் ஒருக்களித்துப் படு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. அங்கே டிசம்பரில் வெயில் என்று நீ சிரிப்பாய், இருந்தாலும் நடக்காதே.

ஏன் கடிதமாக எழுதினேன் என்று மேலே ஒரு காரணம் சொன்னேன், அது சாக்கு. நிஜக் காரணம் இதுதான். உன் அப்பா வாய் மூடிப் பழகியவன், பதினோரு வருஷப் பழக்கம், கூட்டத்தில் பேரூராட்சித் தலைவியும் கவுன்சிலர்களும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்திருக்காமலேயே இருந்துவிடுவேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம். நாளைக் காலை அலுவலகம் போகும் முன் இதை ஸ்பீடு போஸ்ட்டில் போட்டுவிடுவேன். போட்ட பிறகு திரும்ப வாங்க முடியாது. உன் கைக்கு வரப் பத்து நாளாகும், அதுவரை போனில் நான் இதைப் பற்றி மூச்சு விடமாட்டேன், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று மட்டும் கேட்பேன். வாசித்து முடித்ததும் என்னைக் கூப்பிடு. வருவீங்களா அப்பா என்று கேட்காதே, சொன்னீங்களா அப்பா என்று கேள். இல்லை என்று நான் சொன்னால் டிக்கெட் கையில் இருந்தாலும் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் பிறக்கப் போகிற பிள்ளையையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. எமில்டாவின் பேத்திக்காக இன்று ஒரு ஜெபம் பண்ணு.

உன் அன்பு அப்பா,
த. ஜீவமணி